வெப் சர்வரில் ஃபோல்டர் பர்மிஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உபுண்டு அல்லது டெபியன் போட்ட ஒரு விபிஎஸ்ஸை (மெய்நிகர் சர்வரை) வாடகைக்கு எடுத்து, அதில் அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ வைத்துத் தளம் நடத்துபவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ரெட் ஹேட் குடும்பமும் ஷேர்டு ஹோஸ்டிங்கும் (பலர் ஒரே சர்வரைப் பகிர்வது) வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

தளத்தைத் திறந்தால் 403 (அனுமதி இல்லை என்ற பிழை) வருகிறது. 777 கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

வேண்டாம். தற்காலிகமாகக்கூட வேண்டாம். தற்காலிகமாக வைத்த 777 அப்படியே வருடக்கணக்கில் கிடப்பதுதான் வழக்கம்.

777 என்றால் அந்த மெஷினில் ஓடும் எந்த யூசரும் அந்த ஃபோல்டரில் ஃபைல் போடலாம், அழிக்கலாம், மாற்றலாம். "என் சர்வரில் நான் மட்டும்தானே இருக்கிறேன்" என்று தோன்றும். ஆனால் அங்கே டேட்டாபேஸ், மெயில், கிரான், பிஎச்பி என்று ஒவ்வொன்றும் தனித்தனி யூசராக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஏதாவது ஒன்றில் ஓட்டை இருந்தால் போதும், உங்கள் இண்டெக்ஸ் ஃபைலில் வேறு ஒருவர் எழுதிவிட்டுப் போய்விடலாம்.

தவிர, பல நேரம் 777 பிரச்சினையைத் தீர்ப்பதும் இல்லை. தடை மேலே உள்ள இன்னொரு ஃபோல்டரில் இருந்தால், கீழே என்ன எண் கொடுத்தாலும் 403 போகாது. எஸ்யூஎக்ஸெக் (ஸ்கிரிப்டை அதன் உரிமையாளராகவே ஓட்டும் அப்பாச்சி வசதி) ஓடும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் நிலைமை இன்னும் மோசம். குரூப்போ மற்றவர்களோ எழுதக்கூடிய ஸ்கிரிப்டை ஓட்ட அது மறுத்துவிடும், 403 இருந்த இடத்தில் 500 (சர்வர் பிழை) வரும்.

"எந்த எண் கொடுக்க வேண்டும்" என்று ஆரம்பிப்பதில்தான் சிக்கலே. வெப் சர்வர் எந்த யூசராக ஓடுகிறது, அது எந்த இடத்தில் எழுதியே ஆக வேண்டும் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எண் தானாக வந்துவிடும்.

755, 644 என்கிற எண்களுக்கு என்ன பொருள்?

முதல் எண் உரிமையாளருக்கு, இரண்டாவது குரூப்புக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் எண் கிடைத்துவிடும். 755 என்றால் உரிமையாளருக்கு மூன்றும், மற்றவர்களுக்குப் படிப்பதும் இயக்குவதும். 644 என்றால் உரிமையாளர் படித்து எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்.

ஃபோல்டரை யாரும் "இயக்க" முடியாதே. அதற்கு எதற்கு அந்த 1?

இது புரிந்துவிட்டால் பர்மிஷன் சிக்கல்களில் பாதி தீர்ந்தது. ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் அதே மூன்று அனுமதிகள்தான், ஆனால் வேலை வேறு.

ஃபோல்டரில் படிக்கும் அனுமதி என்பது உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலிட மட்டும். இயக்கும் அனுமதி, அதாவது எக்ஸ், அந்த ஃபோல்டரைக் கடந்து உள்ளே போவதற்கு. அரங்கத்துக்குள் போக வேண்டுமென்றால் தெருவாசலில் தொடங்கி வழியில் உள்ள எல்லாக் கதவும் திறந்திருக்க வேண்டும் அல்லவா, அதேபோல ஒரு ஃபைலைத் திறக்க ரூட்டில் (/ என்ற மேல் ஃபோல்டரில்) தொடங்கி அந்த ஃபைல் வரை உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் எக்ஸ் இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் வழி அடைபட்டது.

எழுதும் அனுமதி இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஃபோல்டரில் எழுதும் அனுமதி இருந்தால் (எக்ஸும் சேர்ந்து) உள்ளே புதிய ஃபைல் உருவாக்கலாம், இருப்பதன் பெயரை மாற்றலாம், அழிக்கலாம். ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலின் மேல் எந்த அனுமதியும் தேவையில்லை! நீங்கள் கான்ஃபிக் ஃபைலை 400 என்று இறுக்கிப் பூட்டியிருந்தாலும், அது இருக்கும் ஃபோல்டரில் எழுத முடிகிற ஒருவர் அதை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்று வைக்கலாம். ஃபைல் பர்மிஷனை மட்டும் பார்த்துவிட்டுப் பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். (எல்லோரும் எழுதும் டெம்ப் ஃபோல்டர் எப்படிச் சமாளிக்கிறது என்றால், அதன் பர்மிஷன் 1777. முன்னால் இருக்கும் அந்த 1 ஸ்டிக்கி பிட். அவரவர் ஃபைலை அவரவர்தான் அழிக்கலாம் என்று அது கட்டுப்படுத்துகிறது.)

என் வெப் சர்வர் எந்த யூசராக ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிஎஸ் ஆக்ஸ் கட்டளை கொடுத்து அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் வரிகளைப் பாருங்கள். ஒரு ப்ராசஸ் ரூட்டாகவும் (முழு அதிகாரம் உள்ள யூசர்) மற்றவை வேறு யூசராகவும் தெரியும். 80, 443 போன்ற 1024க்குக் கீழான போர்ட்டைப் பிடிப்பதற்காக முதல் ப்ராசஸ் ரூட்டாகத் தொடங்குகிறது. வருகிற கோரிக்கைகளுக்குப் பதில் சொல்வது மற்றவை. அந்த மற்றவற்றின் யூசர்தான் நமக்கு வேண்டியது.

டெபியனிலும் உபுண்டுவிலும் அது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. ரெட் ஹேட், அல்மா, ராக்கி, ஃபெடோராவில் அப்பாச்சிக்கு "அப்பாச்சி" என்றே யூசர், என்ஜின்எக்ஸுக்கு "என்ஜின்எக்ஸ்". கீழே எல்லா இடத்திலும் "சர்வர் யூசர்" என்று பொதுவாகச் சொல்கிறேன்.

பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பியைத் தனி ப்ராசஸாக ஓட்டுவது) இருந்தால் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். அதற்குத் தனியாக யூசர் உண்டு, பூல் (எஃப்பிஎம் ப்ராசஸ்களின் தொகுப்பு) கான்ஃபிக் ஃபைலில் எழுதியிருக்கும். படமும் சிஎஸ்எஸ்ஸும் படிப்பது என்ஜின்எக்ஸ் யூசர். பிஎச்பி ஃபைலைப் படிப்பதும், அப்லோடை எழுதுவதும் எஃப்பிஎம் யூசர். படம் வருகிறது, பக்கம் வரவில்லை (அல்லது தலைகீழாக) என்றால் முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

சரி, அப்படியானால் எதற்கு என்ன கொடுப்பது?

என் பரிந்துரை இது. தளத்தின் கோடுக்கு (புரோகிராம் ஃபைல்களுக்கு) உரிமையாளர் நீங்கள் எஸ்எஸ்எச்சில் நுழையும் யூசர். டெப்ளாய் என்று வைத்துக்கொள்வோம். குரூப் சர்வர் யூசருடையது. ஃபோல்டர்கள் 750, ஃபைல்கள் 640. நீங்கள் எழுதலாம், சர்வர் படிக்கலாம், வேறு யாரும் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. குரூப் விஷயத்தில் தலையை உடைத்துக்கொள்ள விருப்பம் இல்லையென்றால் 755, 644 போதும். ஆனால் பாஸ்வேர்டு உள்ள ஃபைல்களை மட்டும் 640க்கு இறக்கிவிடுங்கள்.

அப்லோடு, கேஷ், செஷன் ஆகியவற்றுக்கான ஃபோல்டர்களில் மட்டும் சர்வர் யூசர் எழுத வேண்டும். லாராவெலில் (பிஎச்பி கட்டமைப்பு) ஸ்டோரேஜும் பூட்ஸ்ட்ராப்புக்குள் உள்ள கேஷும், வேர்ட்பிரஸில் அப்லோட்ஸ். அவற்றைச் சர்வர் யூசருக்கே உரிமையாக்கி 755 அல்லது 750 வைத்தால் முடிந்தது.

தளம் முழுவதையும் சிஎச்ஓன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) செய்து சர்வர் யூசர் கையில் கொடுத்துவிடச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய. அதில் வேலை நடக்கும், ஆனால் நான் அதை விரும்புவதில்லை. பிஎச்பி கோடில் ஒரு ஓட்டை வழியாக யாராவது நுழைந்தால் அவர்களுக்குக் கிடைப்பது சர்வர் யூசரின் அதிகாரம். அந்த யூசரால் கோடில் எழுத முடியாவிட்டால், அவர்கள் உங்கள் ஃபைல்களுக்குள் நிரந்தரமாகக் கதவு வைத்துவிட்டுப் போவது மிகவும் கடினமாகிவிடும்.

தளம் இருக்கும் ஃபோல்டருக்கு 755 கொடுத்துவிட்டேன். ஆனாலும் 403.

தளம் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கிறதா? உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்கள் 750 ஆக வருகின்றன. அதற்கு முன் 755. பழைய வழிகாட்டியை அப்படியே பின்பற்றுகிறவர்கள் 22.04, 24.04இல் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

ஊகிக்க வேண்டாம், நேம்ஐ என்ற கட்டளை இருக்கிறது. அதற்கு எல் என்ற ஆப்ஷனும் முழுப் பாதையும் கொடுத்தால், பாதையின் ஒவ்வொரு படிக்கும் பர்மிஷனையும் உரிமையாளரையும் வரிசையாகக் காட்டும். அது எழுத்தில் காட்டுவதை எண்ணில் மாற்றினால் இப்படி இருக்கும்:

755 – ரூட் – /
755 – ரூட் – ஹோம்
750 – டெப்ளாய் – டெப்ளாய்
755 – டெப்ளாய் – தளம்

மூன்றாவது வரியைப் பாருங்கள். மற்றவர்களுக்கு 0. சர்வர் யூசர் அங்கேயே நின்றுவிடுகிறது, நான்காவது வரியில் உள்ள 755 வரை அது போய்ச் சேரவே இல்லை. அப்பாச்சியின் எரர் லாகில் ஏஎச்00035 என்ற குறியோடு, பாதையின் ஏதோ ஒரு பகுதியில் தேடும் அனுமதி இல்லை என்று ஒரு வரி விழுந்திருக்கும். என்ஜின்எக்ஸ் என்றால் 13 என்ற எண்ணோடு பர்மிஷன் டினைடு. இந்த 13ஐக் கண்டாலே பர்மிஷன் சிக்கல் என்று முடிவு செய்யலாம். லாகில் 13 இல்லாமல் 403 மட்டும் வந்தால் காரணம் பெரும்பாலும் கான்ஃபிக்கில் இருக்கும்: இண்டெக்ஸ் ஃபைல் இல்லாமல் இருக்கலாம், அப்பாச்சியில் அந்த ஃபோல்டருக்கு யாருக்கு அனுமதி என்று சொல்லும் ரிக்வயர் வரி விடுபட்டிருக்கலாம்.

தீர்வு? ஹோம் ஃபோல்டருக்கு 751 கொடுத்தால் சர்வர் உள்ளே கடந்து போகலாம், ஆனால் பட்டியல் எடுக்க முடியாது. அதைவிட நல்லது, தளத்தை ஹோமிலிருந்து எடுத்து வார் ஃபோல்டருக்குள் வழக்கமான இடத்தில் வைப்பது. உங்கள் எஸ்எஸ்எச் சாவிகள் இருக்கும் வீட்டுக்குள் வெப் சர்வருக்கு வேலை இல்லை.

சிஎச்மாட் ஆர் 755 (உள்ளே உள்ள அனைத்தின் பர்மிஷனையும் மாற்றும் கட்டளை) என்று ஒரே அடியாக எல்லாவற்றுக்கும் கொடுக்கலாமா?

கொடுத்தால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு டெக்ஸ்ட் ஃபைலும் இயக்கக்கூடியதாகிவிடும். ஃபைண்ட் கட்டளையில் டைப் டி என்று கொடுத்து ஃபோல்டர்களுக்கு ஒரு எண், டைப் எஃப் என்று கொடுத்து ஃபைல்களுக்கு ஒரு எண் என்று இரண்டு முறை ஓட்டுங்கள்.

சிஎச்மாட்டில் பெரிய எழுத்து எக்ஸ் என்று ஒரு குறுக்குவழியும் உண்டு. ஃபோல்டர்களுக்கு எக்ஸ் கொடுக்கும், ஃபைல்களை விட்டுவிடும். ஆனால் ஏற்கெனவே யாருக்காவது எக்ஸ் இருக்கிற ஃபைலுக்கும் கொடுத்துவிடும். ஆகவே, முன்பு 777 போட்டுக் குழப்பிய இடத்தைச் சுத்தம் செய்ய இது உதவாது, அங்கே ஃபைண்ட்தான்.

அப்லோட்ஸ் ஃபோல்டரில் சர்வர் எழுதத்தானே வேண்டும்? அப்போது அது ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். எழுத முடிகிற இடத்தில் பிஎச்பி ஓடக் கூடாது, பிஎச்பி ஓடுகிற இடத்தில் எழுத முடியக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பெரும்பாலான தாக்குதல்கள் பாதியில் நின்றுவிடும். ஆனால் இதைப் பர்மிஷனால் மட்டும் செய்ய முடியாது. பிஎச்பி ஃபைலை ஓட்ட எக்ஸ் தேவையில்லை, படிக்கும் அனுமதி போதும். ஒருவர் படம் என்று சொல்லி ஒரு பிஎச்பி ஃபைலை ஏற்றிவிட்டால், அது 644ஆக இருந்தாலும் ஓடும்.

எனவே சர்வர் கான்ஃபிக்கில் தடுக்க வேண்டும். என்ஜின்எக்ஸில் அப்லோட்ஸ் பாதைக்குள் பிஎச்பி என்று முடியும் எதையும் மறுக்கும் ஒரு லொகேஷன் பிளாக், பொதுவான பிஎச்பி பிளாக்குக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால் முதலில் பொருந்திய பொது பிளாக்கே வேலை செய்துவிடும். அப்பாச்சியில் அந்த டைரக்டரி பிளாக்குக்குள் ஒரு ஃபைல்ஸ்மேட்ச் போட்டு ரிக்வயர் ஆல் டினைடு. இதை அந்த ஃபோல்டருக்குள்ளேயே ஒரு எச்டிஅக்சஸ் ஃபைலாக வைக்காதீர்கள். அங்கே எழுத முடிகிறவர் அதையும் மாற்றிவிடுவார்.

வேர்ட்பிரஸ் பிளகின் நிறுவப் போனால் எஃப்டிபி பாஸ்வேர்டு கேட்கிறது. ஏன்?

வேர்ட்பிரஸ் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி, அதன் உரிமையாளரும் தன் சொந்தக் கோடின் உரிமையாளரும் ஒருவரேதானா என்று பார்க்கிறது. கோடு டெப்ளாயுடையது, ஓடுவது சர்வர் யூசர் என்றால் இரண்டும் வேறு. உடனே எஃப்டிபி விவரம் கேட்கும். கோடு பத்திரமாக இருக்கிறது என்பதற்கான அறிகுறி அது.

இதற்கு 777 கொடுப்பதோ, எஃப்டிபி சர்வர் நிறுவுவதோ வேண்டாம். டபிள்யூபி-சிஎல்ஐ கருவியை டெப்ளாய் யூசராக ஓட்டி பிளகினும் அப்டேட்டும் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் உண்மை நிலவரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு சின்னக் கடையின் தளம், ஒரு பள்ளியின் தளம் என்றால் வாரா வாரம் யார் எஸ்எஸ்எச்சில் நுழைந்து அப்டேட் போடப் போகிறார்கள்? வேர்ட்பிரஸ் 3.7 (2013) முதல் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்கிறது, எழுத அனுமதி இருந்தால். கவனிக்க ஆள் இல்லாத தளத்துக்கு, கோடை எஃப்பிஎம் யூசருக்கே உரிமையாக்கி அந்தத் தானியங்கி அப்டேட்டை ஓட விடுவது, பூட்டிவைத்து இரண்டு வருடம் பழைய பதிப்பில் கிடப்பதைவிடப் பாதுகாப்பானது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி எஃப்பிஎம் பூல், தனி யூசர் வையுங்கள். ஒன்று விழுந்தாலும் பக்கத்துத் தளம் தப்பிக்கும்.

நானும் எழுத வேண்டும், சர்வரும் எழுத வேண்டும். ஒருவர் போட்ட ஃபைலை இன்னொருவர் தொட முடியவில்லை.

இருவரையும் ஒரு குரூப்பில் சேர்த்து, ஃபோல்டருக்கு 2775 கொடுங்கள். முன்னால் உள்ள 2 செட்ஜிஐடி: உள்ளே உருவாகும் எதுவும் உருவாக்கியவரின் குரூப்பை எடுக்காமல் ஃபோல்டரின் குரூப்பை எடுத்துக்கொள்ளும். குரூப்பில் சேர்த்த பிறகு நீங்கள் வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். சர்வர் யூசரைச் சேர்த்திருந்தால் அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு, கொடுத்த பர்மிஷன் வேலை செய்யவில்லை என்று தேடுபவர்கள் அதிகம்.

இதற்குப் பிறகும் ஒரு இடைஞ்சல் உண்டு. யூமாஸ்க் (புதிய ஃபைல் பிறக்கும்போதே கழிக்கப்படும் அனுமதிகள்) 022 என்றால் புதிய ஃபைல் 644ஆகத்தான் பிறக்கும். குரூப் சரி, ஆனால் குரூப்புக்கு எழுதும் அனுமதி இல்லை. யூமாஸ்க்கை 002 ஆக்கலாம், ஆனால் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியாக ஆக்க வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்த வழி ஏசிஎல் (தனித்தனி யூசருக்கும் குரூப்புக்கும் கூடுதலாக அனுமதி கொடுக்கும் வசதி). செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் டிஃபால்ட் அனுமதி கொடுத்துவிட்டால், அந்த ஃபோல்டருக்குள் யூமாஸ்க் கணக்கிலேயே வராது. ஏசிஎல் உள்ள ஃபைலுக்கு எல்எஸ் பட்டியலில் பர்மிஷன் எழுத்துகளின் முடிவில் ஒரு கூட்டல் குறி தெரியும். அதைக் கண்டால் கெட்எஃப்ஏசிஎல் கொடுத்துத்தான் முழு விவரம் பார்க்க வேண்டும்.

ரெட் ஹேட், அல்மா, ராக்கியில் எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கிறது.

காரணம் பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. வழக்கமான பர்மிஷனுக்கு மேல் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் இருக்கிறது. எல்எஸ்ஸுக்குப் பெரிய எழுத்து இசட் கொடுத்தால் தெரியும். ஹோமில் இருந்த ஃபைலை எம்வி கொடுத்து நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வந்துவிடும், வெப் சர்வர் அதைத் தொடாது. சிபி கொடுத்து நகலெடுத்தால் புதிய இடத்தின் லேபிள் கிடைக்கும். நகர்த்திவிட்டீர்கள் என்றால் ரெஸ்டோர்கான் ஓட்டினால் போதும். சர்வர் எழுத வேண்டிய ஃபோல்டருக்கு மட்டும், எழுத அனுமதிக்கும் லேபிளை செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் வழியாகப் பதிந்துவிட்டு ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள். சிகான் கொடுத்து மாற்றியது அடுத்த ரீலேபிளில் காணாமல் போகும். காரணம் இதுதானா என்று சோதிக்க ஒரு நிமிடம் பெர்மிஸிவ் (தடுக்காமல் லாகில் மட்டும் பதியும் நிலை) ஆக்கிப் பார்க்கலாம். பார்த்ததும் திரும்ப ஆன் செய்துவிடுங்கள்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் இதெல்லாம் பொருந்துமா?

அங்கே பெரும்பாலும் பிஎச்பி உங்கள் கணக்கின் யூசராகவே ஓடும். எனவே 755, 644 வைத்தாலே எழுதவும் முடியும். சிபேனலில் பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டர் 750, குரூப் நோபடி என்று வைத்திருப்பார்கள். அதன் குரூப் மாறிப்போனால் தளம் முழுவதும் 403தான்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள என்வ் ஃபைலுக்கு 600 கொடுத்தால் பத்திரமா?

பிஎச்பி படிக்க முடியாத அளவுக்குப் பூட்டினால் தளமே ஓடாது. பிஎச்பி படிக்கும் என்றால், அதே யூசராக ஓடும் சர்வரும் அதை அப்படியே பிரவுசருக்கு அனுப்பிவிடலாம். 640 கொடுத்துவிட்டு, ஃபைலை டாக்குமென்ட் ரூட்டுக்கு (பிரவுசருக்குத் தெரியும் ஃபோல்டருக்கு) வெளியே வையுங்கள். லாராவெலில் பப்ளிக் ஃபோல்டரை மட்டும் ரூட்டாகக் காட்டச் சொல்வது இதனால்தான். கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) ஃபோல்டர் வேறு. அதைச் சர்வர் படிக்கவே தேவையில்லை. டெப்ளாய்க்குச் சொந்தமாக்கி 700 கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மொத்தக் கோடையும் வரலாற்றோடு யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே உள்ள ஃபைல்கள் பட்டியலாகத் தெரிகின்றன. பர்மிஷனைக் குறைக்கவா?

குறைக்க வேண்டாம், அது கான்ஃபிக் வேலை. அப்பாச்சியில் ஆப்ஷன்ஸ் வரியில் இண்டெக்ஸஸுக்கு முன் மைனஸ். என்ஜின்எக்ஸில் ஆட்டோஇண்டெக்ஸ் ஆஃப்.

டாக்கர் கண்டெய்னரில் ஹோஸ்டின் ஃபோல்டரை வால்யூமாக மவுன்ட் செய்தால் பர்மிஷன் மறுக்கிறது.

கெர்னல் யூசர் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. அதிகாரபூர்வ பிஎச்பி இமேஜில் சர்வர் யூசரின் எண் டெபியன் வகையில் 33, ஆல்பைன் வகையில் 82. பெயர் ஒன்றுதான், எண் வேறு. டெபியனிலிருந்து ஆல்பைனுக்கு மாறியதும் அப்லோடு நின்றுபோனால் காரணம் இதுதான். வெளியே ஹோஸ்டில் அந்த எண்ணுக்கு சிஎச்ஓன் செய்யுங்கள்.

தவறுதலாக ரூட் ஃபோல்டரிலேயே (/) சிஎச்மாட் ஆர் 777 ஓடிவிட்டது!

இப்போது திறந்திருக்கும் எஸ்எஸ்எச் இணைப்பை மூடாதீர்கள். ஹோஸ்ட் சாவிகள் எல்லோருக்கும் திறந்திருப்பதால் எஸ்எஸ்எச் சர்வர் அவற்றை ஏற்காது. சுடோவை ரூட்டாக ஓட வைக்கும் செட்யூஐடி பிட் போய்விட்டதால் சுடோவும் வேலை செய்யாது. டேட்டாபேஸ் டம்பும் தளத்தின் ஃபைல்களும் முதலில் வெளியே போகட்டும். ஆர்பிஎம் (ரெட் ஹேட் குடும்பத்தின் பேக்கேஜ் முறை) உள்ள சிஸ்டங்களில் பேக்கேஜ் பதிவிலிருந்து பர்மிஷனைத் திருப்பிவைக்க ஒரு ஆப்ஷன் இருக்கிறது. டெபியனில் அப்படி நேரடி வழி இல்லை. எதுவாக இருந்தாலும் புதிய மெஷின் எடுத்து பேக்கப்பிலிருந்து நிறுவுவதுதான் நேரம் மிச்சம். தளத்தின் ஃபோல்டரில் மட்டும் ஓடியிருந்தால் பயம் இல்லை, ஃபைண்ட் வழியாக இரண்டு கட்டளையில் சரியாகிவிடும்.

எல்லாம் அமைத்துவிட்டேன். சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சுடோவில் யூ ஆப்ஷன் கொடுத்துச் சர்வர் யூசராகவே செய்து பாருங்கள். இண்டெக்ஸ் ஃபைலை கேட் கொடுத்துப் படிக்க முடிய வேண்டும். தளத்தின் ரூட்டில் டச் கொடுத்துப் புதிய ஃபைல் உருவாக்கப் பார்த்தால் மறுக்க வேண்டும். அப்லோட்ஸுக்குள் உருவாக்க முடிய வேண்டும். பிறகு அங்கே ஒரு சின்ன பிஎச்பி ஃபைலை வைத்து பிரவுசரில் திறந்தால் 403 வர வேண்டும். நான்கும் இப்படியே வந்தால் அந்தச் சோதனை ஃபைல்களை அழித்துவிட்டு, கடைசியாக ஃபைண்ட் கட்டளையில் பெர்ம் ஆப்ஷன் கொடுத்து எல்லோரும் எழுதக்கூடிய ஃபைலோ ஃபோல்டரோ மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுங்கள். அது எதையும் காட்டாமல் முடிய வேண்டும்.